எழுதியாயிற்று, படிப்பது யார்?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. பாட்டி காலத்துப் பெட்டி. பத்திரிகைகளிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்ட தொடர்கதைகள் பத்துப் பன்னிரண்டு அதற்குள் இருக்கின்றன. எலி கடித்தது போக மிச்சம். ஒவ்வோர் அட்டையின் உட்புறத்திலும் பாட்டி பென்சிலால் ஏதாவது குறித்து வைத்திருக்கிறாள். "அழுகை அதிகம்." "தாராளமாகப் படிக்கலாம்." "மாடி வீட்டுக்காரிக்குக் கொடுத்தது. கேட்டு வாங்க வேண்டும்."

அந்தப் பென்சில் குறிப்புகளுக்குத் தெருவில் ஏக மதிப்பாம். "படிக்கலாம்" என்று பாட்டி எழுதிவிட்டால், கதை நாலு வீடு சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்குத் திரும்பும். அதில் பாட்டிக்குக் காலணா லாபம் கிடையாது. நல்லதைக் கண்டால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாத சுபாவம், அவ்வளவுதான்.

2003-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் இதே காரியத்தைக் கம்ப்யூட்டரில் செய்தார். ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். இணையத்தில் கண்ட நல்ல பக்கங்களின் விலாசங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதைப் பற்றியது என்று ஒரு சொல் குறித்து வைத்திருந்தார். தமக்கு மட்டும் இருந்த அந்தக் குறிப்புப் புத்தகத்தை எல்லோருக்கும் பொதுவாக்கி 'டெலிஷியஸ்' என்று பெயர் வைத்தார். நீங்கள் சேர்த்து வைத்ததை நான் பார்க்கலாம். நான் சேர்த்ததை நீங்கள் பார்க்கலாம். 'சமையல்' என்ற சொல்லைத் தட்டினால், ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் சமையல் என்று குறித்து வைத்த பக்கங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'சோஷியல் புக்மார்க்கிங்' என்று பெயர். 'சமூகப் புத்தகக்குறி' என்று தமிழாக்கினால் ஏதோ கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் மாதிரி இருக்கிறது. என்னைக் கேட்டால், பாட்டியின் பென்சில் குறிப்பு என்றே சொல்லிவிடுவேன்.

இந்த மாதிரி இன்னும் பல இருந்தன. 2004-ல் கெவின் ரோஸ் முதலானோர் ஆரம்பித்த 'டிக்' என்ற தளத்தில் குறித்து வைப்பதோடு வாக்கும் போடலாம். வாக்கு ஏற ஏறப் பக்கமும் மேலே ஏறும். 2005-ல் 'ரெட்டிட்' வந்தது. கனடாக்காரர்கள் தொடங்கிய 'ஸ்டம்பிள்அப்பான்' இன்னும் வேடிக்கை. ஒரு பொத்தானை அமுக்கினால், உங்கள் ருசிக்குத் தகுந்தபடி யாரோ சிபாரிசு செய்த பக்கம் ஒன்று எதிரே வந்து குதிக்கும்.

இவையெல்லாம் படிக்கிறவர்களுக்காக ஏற்பட்டவை. அதை எழுதுகிறவர்கள் மோப்பம் பிடிக்க வெகு நாள் ஆகவில்லை. "நம் பக்கத்தை நாமே கொண்டுபோய் அங்கே வைத்தால் என்ன?" என்று உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் தோன்றிவிட்டது. நங்கநல்லூரில் எங்கள் அத்தைக்கும் தோன்றிற்று. தோன்றச் செய்தவள் நான்தான். ஆகையால் அந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நியாயம்.

அத்தையின் வலைப்பூ

2009-ல் நான் அத்தை வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் மாமியாருக்கு அப்போது எண்பத்தாறு வயது. தஞ்சாவூர் ஜில்லாக்காரி. ஊறுகாய், வடாம், பட்சணம் இவற்றில் அவருக்குத் தெரியாத பக்குவம் கிடையாது. ஆனால் ஒன்றையும் எழுதி வைத்தவர் அல்ல. கண் மங்க ஆரம்பித்திருந்தது. "எல்லாம் என்னோட போயிடும் போலிருக்கே" என்று ஒரு நாள் சாதாரணமாகத்தான் சொன்னார். அத்தைக்கு அது உறைத்துவிட்டது. அன்று முதல் அவர் சொல்லச் சொல்ல இவள் ஒரு நோட்டில் எழுதினாள். நோட்டு எங்காவது தொலைந்துவிடும் என்று பயமுறுத்தி, அதை வலைப்பூவாக்கிக் கொடுத்தேன் நான்.

ஒவ்வொரு பதிவு ஏறியதும் சாயங்காலம் விளக்கேற்றுகிற சமயத்தில் மாமியார் கேட்பார்: "இன்னிக்கு எத்தனை பேர் படிச்சா?"

அத்தை என் முகத்தைப் பார்ப்பாள். நான் எண்ணிக்கை காட்டும் கட்டத்தைப் பார்ப்பேன். மூன்று. அதில் ஒன்று அத்தை, ஒன்று நான். மூன்றாவது ஆசாமி அத்திம்பேராக இருக்கலாம் என்று எங்களுக்கு வெகு நாள் சந்தேகம்.

தமிழில் அப்போது வலைப்பதிவுகளுக்கு நல்ல காலம். காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய 'தமிழ்மணம்' ஓஹோவென்று நடந்துகொண்டிருந்தது. யார் எங்கே என்ன எழுதினாலும் அதன் தலைப்பு அந்த முகப்பில் வந்து விழும். வாரத்துக்கு ஒருவரை நட்சத்திரமாக்கி உட்கார்த்தி வைப்பார்கள். 'தமிழிஷ்' என்று இன்னொன்று. பிற்பாடு 'இன்ட்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதில் நாமே நம் பதிவின் சுட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போதிய வாக்கு விழுந்தால் முதல் பக்கம். இல்லாவிட்டால் சந்தை முடிந்த பிறகு கிடக்கும் கறிகாய் மாதிரி அடியிலேயே கிடந்து வாடிவிடும். இவற்றுக்குத் திரட்டி என்று பொதுப் பெயர்.

"அத்தை, கவலையை விடுங்கோ" என்றேன். அங்கேதான் தப்பு ஆரம்பமாயிற்று.

ஒரு திரட்டியில் (பெயர் வேண்டாம்) வெவ்வேறு பெயர்களில் ஆறு கணக்குகள் திறந்தேன். ஆறு பேரும் அத்தையின் மாவடுப் பதிவுக்கு வாக்குப் போட்டார்கள். பிறகு அத்தையை மொய்க் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். இது என்ன கூட்டம் என்று கேட்பீர்கள். பதிவர்களுக்குள் வழங்கிய பேச்சுத்தான். நீ எனக்கு ஒரு வாக்கு, நான் உனக்கு ஒரு வாக்கு. நீ என் பதிவில் 'அருமை' என்று எழுதினால், நானும் உன் பதிவுக்கு வந்து 'அருமை' என்று எழுதிவிட்டுப் போவேன். கல்யாண வீட்டு மொய் மாதிரியேதான். வாங்கினதைத் திருப்பி வைத்தாக வேண்டும்.

ஒரே வாரத்தில் அத்தை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டாள். நாற்பது வாக்கு. மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "நாப்பது பேரா! நம்ம அக்ரஹாரத்துலயே அத்தனை பேர் கிடையாதே!" என்று மாய்ந்து போனார்.

மொய் வைக்கிற வேலை அத்தையின் தலையில் விழுந்தது. ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து 'அருமை', 'கலக்கல்', 'தொடரட்டும்' என்று தட்டிக்கொண்டிருப்பாள். கிரிக்கெட் பதிவுக்கும் 'அருமை'தான், யாரோ தம் தாயாரை இழந்து எழுதியதற்கும் 'அருமை'தான். இந்தக் கடைசி விபத்து நிஜமாகவே நடந்தது. அந்த மனிதரிடமிருந்து வந்த பதிலைப் படித்துவிட்டு அத்தை அன்றிரவு சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரட்டிக்காரர்கள் என் ஆறு கணக்குகளையும் கண்டுபிடித்து நீக்கினார்கள். கூடவே அத்தையின் வலைப்பூவையும் நீக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதியைப் படிக்காமல் போனது நான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வேடிக்கை. ரெட்டிட்டைத் தொடங்கிய ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்ஸிஸ் ஒஹானியனும் ஆள் வராத ஆரம்ப நாட்களில் பல புனைபெயர்களில் தாங்களே சுட்டிகளைப் போட்டுக் கூட்டம் இருக்கிற மாதிரி காட்டினார்களாம். பிற்பாடு அவர்களே ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் கடைக்குச் சொந்தக்காரர் செய்யலாம். கடைக்கு வந்தவர் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் சாயங்காலம் விளக்கேற்றியாயிற்று. மாமியார் வழக்கம்போல் கேட்டார். அத்தை மறைக்கவில்லை. ஆறு கணக்கு, மொய், 'அருமை' எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு கேட்டார்: "சரி, மொய் எழுதினவா கணக்கைச் சொல்லிட்டே. பந்தியில உக்காந்தவா எத்தனை பேர்?"

நான் கணக்கைத் திறந்து பார்த்தேன். நாற்பது வாக்கு விழுந்த பதிவை முழுவதும் இறக்கிப் படித்தவர்கள் என்று சொல்லும்படி ஒருவரும் இல்லை. வந்தவர்கள் பத்து விநாடியில் போயிருந்தார்கள்.

ஒரு மாதம் விரதம்

இனி ஒரு மாதம் தன் பதிவு எதையும் எங்கேயும் சேர்ப்பதில்லை என்று அத்தை தீர்மானித்தாள். மற்றவர்கள் எழுதியதைப் படித்தாள். உண்மையிலேயே பிடித்திருந்தால் இன்னொரு திரட்டியில் தன் சொந்தப் பெயரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள். 'அருமை' என்ற வார்த்தையை வீட்டில் தடை செய்துவிட்டாள். "நீங்கள் சொன்னபடி நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கிப் பார்த்தேன், உப்பு அடியில் தங்கிவிடுகிறதே, என்ன செய்வது?" என்று எழுதினாள். எழுதினவருக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா? அவர் பதில் எழுதினார். பிறகு, 'இப்படிக் கேட்கிறவள் யார்?' என்று அத்தையின் பக்கத்துக்கு வந்தார்.

இந்த விஷயம் எங்கள் அத்தை கண்டுபிடித்தது அல்ல. ரெட்டிட்டில் வெகு காலம் ஒரு வழிகாட்டுதல் இருந்தது: ஒருவர் கொண்டுவந்து சேர்ப்பதில் பத்தில் ஒன்றுக்கு மேல் அவருடைய சொந்தச் சரக்காக இருக்கக் கூடாது. ஒன்பது தடவை பிறத்தியாரைச் சிபாரிசு செய்தவர் பத்தாவது தடவை தம்முடையதை நீட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எங்கள் பாட்டியும் ஒரு கதை எழுதி அந்தத் தகரப் பெட்டியில் வைத்திருந்தால், தெரு முழுவதும் படித்திருக்குமா இல்லையா?

மாதம் முடிந்த சமயம் சித்திரை வெயில். அத்தை வடாம் பதிவு எழுதினாள். முதலில் அவள் வைத்த தலைப்பு 'என் மாமியாரின் கைப்பக்குவம், பகுதி 14'. முதல் பதின்மூன்று பகுதியைப் படிக்காதவர் இதை ஏன் திறக்கப் போகிறார்? "வடாம் போடுகிற அன்று உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கூழ் நீர்த்துப் போயிடுமோன்னுதான்" என்றாள். அதையே தலைப்பாக்கினோம்: 'வடாம் கூழ் நீர்த்துப் போனால் என்ன செய்வது?' குறிச்சொல்லாகச் சமையல் என்று பொதுவாகப் போடாமல், வடாம், வற்றல், வெயில் காலம் என்று குறித்தோம். கூழை இன்னும் சற்று நேரம் கிளறி இறுகவிடுவது, அவசரப்பட்டுப் பச்சை மாவைத் தூவாமலிருப்பது என்று மாமியார் சொன்னதெல்லாம் அதில் இருந்தது.

விழுந்த வாக்கு ஆறு. முதல் பக்கம் ஏறவே இல்லை. ஆனால் நாலு பேர் கேள்வி கேட்டிருந்தார்கள். ஒரு பெண் குளிர் தேசத்திலிருந்து எழுதியிருந்தாள்: "இங்கே வெயிலே கிடையாது. அம்மா போடுகிற வடாம் ஞாபகமாகவே இருக்கிறது. வழி உண்டா?"

அத்தை இதை வாசித்துக் காட்டினாள். மாமியார் சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "துணியில சின்னச் சின்னதா, மெல்லிசா இடச் சொல்லு. ரூமுக்குள்ளேயே ஃபேனுக்கு அடியில போடச் சொல்லு. ரெண்டு மூணு நாள் ஆகும். அவசரப்பட வேண்டாம்னு சொல்லு. ஈரம் இருந்தா டப்பாவில போடப்படாது. எழுதிண்டியா?" என்று மூச்சு விடாமல் சொன்னார். அன்று எத்தனை பேர் படித்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தப் பெண் வடாம் போட்டாளா, காய்ந்ததா என்றுதான் தினமும் கேட்டார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பொரிந்ததாம்.

திண்ணை இடிந்தால்

அதற்குப் பிறகு அத்தை ஒரு காரியம் செய்தாள். பெண் கல்யாணத்து மொய் நோட்டில் பின்பக்கம் காலியாக இருந்தது. கேள்வி கேட்டவர்கள், புதுப் பதிவு வந்தால் தெரிவிக்கச் சொன்னவர்கள், எல்லோருடைய மின்னஞ்சல் விலாசத்தையும் அவர்கள் சம்மதத்தோடு அதில் எழுதி வைத்தாள். "எல்லாந்தான் கம்ப்யூட்டர்லயே இருக்கே, அத்தை!" என்று நான் சிரித்தேன்.

சிரித்தது தப்பு. பிறத்தியார் திண்ணையில் கடை விரித்தவர்கள் கதி என்னவாயிற்று என்று பாருங்கள். டெலிஷியஸை 2005-ல் யாஹூ வாங்கிற்று. பல கை மாறி, 2017-ல் பின்போர்டு என்ற போட்டித் தளத்தை நடத்துகிற மச்சே செக்லாவ்ஸ்கி 35,000 டாலருக்கு வாங்கி, புதிதாக எதுவும் சேர்க்க முடியாதபடி செய்துவிட்டார். டிக் 2010 ஆகஸ்டில் தளத்தை அடியோடு மாற்றி அமைத்தது. கோபம் கொண்ட வாசகர்கள் முதல் பக்கம் முழுவதும் ரெட்டிட் சுட்டிகளாகவே நிரப்பிவிட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் மதிக்கப்பட்ட தளம், 2012-ல் ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலருக்குப் போயிற்று. ஸ்டம்பிள்அப்பானை 2007-ல் ஈபே 7½ கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2018 ஜூன் 30-ஆம் தேதி அதையும் மூடிவிட்டார்கள். ஜனங்கள் பேஸ்புக், வாட்ஸப் என்று நகர்ந்ததும் நம் தமிழ்த் திரட்டிகளின் கலகலப்பும் ஓய்ந்தது. அவற்றையே நம்பியிருந்த எத்தனையோ நல்ல வலைப்பூக்கள் வாசகரில்லாமல் நின்றுபோயின. அத்தையின் நோட்டில் அப்போது நூற்று முப்பது பேர் இருந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும், "ஐந்நூறு புத்தகக்குறித் தளங்களில் உங்கள் பக்கத்தைச் சேர்க்கிறோம், கூகிளில் முதலிடம் நிச்சயம்" என்று பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். 2005-லேயே கூகிளும் யாஹூவும் மைக்ரோசாஃப்ட்டும் கூடிப் பேசி ஓர் அடையாளம் ஏற்படுத்தின. அந்த அடையாளம் இட்ட சுட்டியைச் சிபாரிசாகக் கருத வேண்டாம் என்று அர்த்தம். பெரிய தளங்கள் பலவும் அதைப் போட்டுவிட்டன. மிச்சமிருக்கிற உபயோகமற்ற தளங்களில் குவிக்கும் சுட்டிகளையோ, கூகிள் தன் விதிகளில் குப்பை வகையிலேயே சேர்த்திருக்கிறது. மொய்க்குப் பணம் கொடுத்து ஆள் பிடிக்கிற கதைதான்.

அப்படியானால் இந்த வழியே அடைபட்டுவிட்டதா என்றால், இல்லை. படம் குறித்து வைக்கிற 'பின்டரெஸ்ட்' இருக்கிறது. 2010-ல் ஆரம்பமானது. அதை நிறுவியவர்களில் ஒருவரான பென் சில்பர்மன் ஆரம்பத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தாமே கடிதம் எழுதினாராம். அத்தைக்கு அவர் மேல் ஒரு தனி மதிப்பு. கோலம், தையல், சமையல், கொலு இவற்றை எழுதுகிற பெண்களுக்கு இது தோதான இடம். சொந்தமாக எடுத்த படமாக, அகலத்தைவிட உயரம் ஒன்றரை பங்கு இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் கீழே, தேடுகிறவள் என்ன வார்த்தை போட்டுத் தேடுவாளோ அந்த வார்த்தைகளை எழுதுங்கள். அழுத்தினால் நேரே அந்தப் பதிவுக்கே போக வேண்டும். முகப்புக்குப் போனால் தேடுகிறவள் திரும்பிவிடுவாள். கொலுப் படிகளை நவராத்திரி அன்று ஏற்றிப் பிரயோசனமில்லை. இரண்டு மாதம் முந்தியே ஏற்றுங்கள். திரட்டியில் பதிவுக்கு ஆயுள் ஒரு நாள். இங்கே போன வருஷத்துப் படத்தை இந்த வருஷம் ஒருத்தி தேடி எடுப்பாள். மற்றவர்களுடைய நல்ல படங்களையும் உங்கள் பலகையில் சேர்த்து வையுங்கள். விரத மாதம் இங்கேயும் உண்டு.

மாமியார் 2012-ல் காலமானார். நோட்டு தீர்ந்துபோய் வெகு நாளாகிவிட்டது. பெண் பதிவுகள் அத்தையே பழகிக்கொண்டு எழுதியவை. இந்தச் சித்திரையில் நங்கநல்லூர் போயிருந்தேன். அத்தைக்கு முழங்கால் வலி. ஆனாலும் மொட்டை மாடியில் வெள்ளை வேஷ்டி விரித்து வடாம் இட்டிருந்தாள். அத்திம்பேர் குடையும் கையுமாகக் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை போனை நெட்டுவாக்கில் பிடித்துக்கொண்டு, தன் நிழல் விழாத இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"சித்த இங்கே வாயேன்" என்று கூப்பிட்டாள். "குளிர் தேசத்துப் பொண்ணு எழுதியிருக்கா. அவ பொண்ணுக்கு வடாம் போடக் கத்துக்கணுமாம், தமிழ் படிக்க வராதாம். படத்துலயே வரிசையாக் காட்டணும். முதல் படம் எதை வைக்கலாம், அரிசியையா, கூழையா?"